பூப்படத்துக்கு என்னத்தைக் குறை சொல்லுறது?

2023 நவம்பர் 11 – ஒரு வாசகரின் கேள்வி

கொஞ்ச நாளா ஒரு பழக்கத்தைப் பாக்கிறன். ஆராவது ஒரு பூப்படம் போட்டா உடனை 'பின்னணி சரியில்லை', 'ஃபோகஸ் விலகிப்போச்சு' எண்டு தொடங்கியிடுறீங்கள். பூ இயற்கையிலயே வடிவு. எடுத்தவர் ஒரு சந்தோசத்தில போடுறார். 'நல்லா இருக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்? இப்பிடிச் சொல்லிச் சொல்லியே என்ர மருமகள் படம் போடுறதை விட்டிட்டாள். பூவில என்ன குறை காணலாம் எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்.

2023 நவம்பர் 11, இரவு

அண்ணை, உங்கட மருமகளின்ர படத்தையும் அதுக்கு வந்த பதில்களையும் இப்பத்தான் முழுக்க வாசிச்சன். 'ஃபோகஸ் சரியில்லை.' 'மூன்றிலொரு பங்கு விதியைப் பாருங்கோ.' 'நல்ல கமரா ஒண்டு வாங்கினா நல்லம்.' அந்தப் படத்தில என்ன இருக்கு எண்டு ஒருத்தராவது சொல்லேல்லை. அது செவ்வரத்தம்பூ எண்டுகூட ஒருத்தரும் எழுதேல்லை. எந்தப் படத்துக்குக் கீழயும் ஒட்டக்கூடிய வசனங்கள். தன்ர படத்தை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு விளங்கினதாலதான் பிள்ளை விட்டிருக்கிறா எண்டு நான் நினைக்கிறன். 'வடிவு, சூப்பர்' எண்ட பதிலையும் பாக்காமலே எழுதலாம்.

நான் பாத்ததைச் சொல்லுறன். என்ர கண் முதல்ல போனது பூவுக்கு நடுவால வெளிய நீட்டிக்கொண்டு நிக்கிற தண்டுக்கு. அதின்ர நுனியில அஞ்சு சிவப்புக் குமிழ், ஒவ்வொண்டிலயும் மெல்லிய மயிர். அதுக்குக் கீழ மஞ்சள் மகரந்தப் பைகள். கொஞ்ச மகரந்தம் இதழில உதிர்ந்து கிடக்கு. அவ்வளவும் கூரா வந்திருக்கு. அங்கயிருந்து கண் இதழுக்குப் போகுது. போனா அங்க ஒண்டும் இல்லை. நரம்பு இல்லை, மடிப்பு இல்லை, ஒரே சிவப்பு. 'ஃபோகஸ் பிழை' எண்டு சொன்னவையும் இந்த இடத்தைத்தான் கண்டிருக்கினம். ஆனா காரணம் வேற. வெயிலில நிண்ட சிவப்புப் பூ அது. கமரா சிவப்பு, பச்சை, நீலம் மூண்டையும் வேற வேறயாத்தான் அளக்குது. செவ்வரத்தையில பச்சையும் நீலமும் பாதிகூட நிரம்பாத நேரத்தில சிவப்பு நிரம்பி வழிஞ்சிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டுற ஹிஸ்டோகிராமில (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமா வாற வரைபடம்) எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரித்தான் தெரியும். சிவப்பைத் தனியாக் காட்டுற ஹிஸ்டோகிராமைப் பாத்தாத்தான் வலப்பக்க ஓரத்தில முட்டி நிக்கிறது விளங்கும்.

அதால பிள்ளைக்கு: தண்டு அருமையா வந்திருக்கு, அதை மாத்தாதேங்கோ. பூவில நிழல் விழுந்தாப் பிறகு ஒண்டு எடுங்கோ. இல்லாட்டிப் போன் திரையில பூவைத் தொட்டுப்போட்டு, வெளிச்சத்தை நல்லாக் குறைச்சு ஒண்டு எடுத்துப் பாருங்கோ. புதுக் கமரா வேண்டாம்.

2023 நவம்பர் 12

மேல எழுதினதோட சேத்து வாசியுங்கோ. சாதாரண சென்சரில (கமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற தட்டு) நாலு புள்ளிக்கு ஒண்டுதான் சிவப்பைப் பாக்கும். ரெண்டு பச்சைக்கு, ஒண்டு நீலத்துக்கு. முழுச் சிவப்புப் பூவெண்டா அதின்ர விபரத்தில பெரும்பங்கைச் சுமக்கிறது அந்தக் காற்பங்குதான். அதுவும் நிரம்பி வழிஞ்சா பிறகு எந்த எடிட்டிலயும் நரம்பு திரும்பி வராது. ரோ கோப்பா (கமரா அளந்ததை அப்பிடியே வைச்சிருக்கிற கோப்பு) எடுத்தாக் கொஞ்சம் மீட்கலாம், முழுக்க ஏலாது.

செவ்வரத்தை அநேகமா ஒருநாள் பூ. நிழலுக்குக் காத்திருக்கிறதெண்டா அண்டைக்குப் பின்னேரமே எடுத்திடவேணும்.

2023 நவம்பர் 14

'முதல்ல ரெண்டு நல்லது சொல்லுங்கோ, பிறகு குறை, கடைசியாத் திரும்பவும் ஒரு நல்லது' எண்டு ஒரு அக்கா எழுதியிருக்கிறா. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவை இப்பிடிப் பழகியிருக்கினம், விளங்குது. எனக்கு ஒத்துவரேல்லை. கசாயத்துக்குப் பனங்கட்டி குடுக்கிற மாதிரி நல்லதைக் குடுத்தா, கேக்கிறவர் பனங்கட்டியையும் நம்பமாட்டார். 'நிறம் நல்லா இருக்கு' எண்டு தொடங்கினா, எப்ப 'ஆனா' வரும் எண்டுதான் பாத்துக்கொண்டிருப்பார்.

நல்லதைச் சொல்லுறதுக்கு வேற காரணம் இருக்கு. தன்ர படத்தில எது சரியா வந்திருக்கு எண்டு எடுத்தவருக்கு அநேகமாத் தெரியாது. தற்செயலா வந்திருக்கும். 'தண்டின்ர நுனியில ஃபோகஸ் விழுந்ததாலதான் நான் படத்துக்குள்ள போனன்' எண்டு சொன்னா, அடுத்த முறை அவ அதை வேணுமெண்டே செய்வா. குறையைப் போல நல்லதும் ஒரு தகவல். ரெண்டையும் இடம் காட்டித்தான் சொல்லவேணும்: இடப்பக்க இதழ், மேல் மூலை, மொட்டுக்குப் பின்னால தெரியிற வெள்ளைச் சுவர் எண்டு.

2023 நவம்பர் 19

மழை விட்ட இடைவெளியில வேலியெல்லாம் கார்த்திகைப்பூ. இந்தக் கிழமை வந்த படங்களில பாதி அதுதான். ஒரு தம்பியின்ர படத்துக்கு ரெண்டு பேர் 'தலைகீழாப் போட்டிட்டீர்' எண்டு எழுத, மூண்டாமாள் படத்தைத் திருப்பியே போட்டுக் காட்டியிருக்கிறார். தம்பி பேசாமல் படத்தை அழிச்சிட்டார்.

தம்பி, நீர் அழிச்சிருக்கத் தேவையில்லை. கார்த்திகைப்பூ நிலத்தைப் பாத்துத்தான் தொங்கும். ஆறு இதழும் பின்னுக்கு மடிஞ்சு, விளிம்பு நெளிஞ்சு, மேல பாத்து நிக்கும். மகரந்தத் தண்டு ஆறும் சுத்திவர விரியும். சூல்தண்டு அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாப் போகும். உம்மட படத்தில அந்த மடக்கு அப்பிடியே தெரிஞ்சது. அதைக் காட்டுற படங்கள் குறைவு, ஏனெண்டா எல்லாரும் மேல நிண்டு இதழை மட்டும் எடுப்பினம். நீர் குந்தியிருந்து கீழயிருந்து எடுத்திருக்கிறீர். இதழின்ர நுனி சிவந்து அடி மஞ்சளா இருந்ததால, விரிஞ்சு கனநேரம் ஆகாத பூ எண்டும் விளங்கினது. நாள் போகப்போக அது முழுக்கச் சிவக்கும். எனக்குக் குறையாப் பட்டது ஒண்டுதான். பூவுக்கு மேல இருந்த இலையின்ர நுனி சுருண்டு வேலிக்கம்பைப் பிடிச்சிருக்கு. அது பாதியில வெட்டுப்பட்டிருக்கு. அந்தக் கொடி ஏறுறதே அந்த நுனியாலதான். ஒரு அடி பின்னுக்கு வந்திருந்தா அதுவும் படத்துக்குள்ள வந்திருக்கும்.

பூவைத் தெரியாமல் பூப்படத்துக்குக் கருத்துச் சொல்லுறது ஆபத்து. பூ எப்பிடி நிக்கும், எந்த நேரம் விரியும், வாடேக்க என்ன நிறம் எண்டு தெரிஞ்சவரின்ர ஒரு வசனம், லென்ஸை மட்டும் தெரிஞ்சவரின்ர பத்து வசனத்தைவிடப் பிரயோசனம்.

(கார்த்திகைப்பூக் கிழங்கைக் கிண்டி வீட்டுக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டவைக்கு: அதில கொல்சிசின் இருக்கு, கடும் நஞ்சு. சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.)

2023 நவம்பர் 20

நேற்று எழுதினதில இருந்து ஒண்டு ஞாபகம் வந்திது. எனக்குக் கிடைச்ச உருப்படியான கருத்துகளில கனக்க, படமே எடுக்காத ஆக்களிட்ட இருந்து வந்தது. பெரியம்மா விடிய எழும்பிப் பூசைக்குப் பூ ஆயிறவ. அவவிட்ட ஒரு பூவரசம்பூப் படத்தைக் காட்டினன். 'நிறத்தைக் கூட்டியிருக்கிறாய், பூவரசு மஞ்சள்தானே' எண்டு கூட்டாளிமார் சொன்ன படம். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்திட்டு, 'இது விடியப் பூத்த பூவெல்லோ, பின்னேரம் எடுத்திருக்கிறாய்' எண்டா.

அதுதான் விசயம். பூவரசு காலமை மஞ்சளா விரியும், உள்ளடியில கறுஞ்சிவப்பு. பின்னேரமாகச் செம்மை ஏறும், வாடேக்க ஊதாச் சிவப்பா மாறியிடும். அவ சொன்னதைக் கேட்டாப் பிறகு அந்த நிறத்தைத் தேடியே போகத் தொடங்கினன். இதழ் ஒண்டோடொண்டு சுருண்டு ஒட்டுற விளிம்பு பக்கவாட்டில நிண்டாத்தான் தெரியும். 'நிறம் பிழை' எண்ட கருத்தில இருந்து இது கிடைச்சிருக்காது.

உங்கட வீட்டில பூ ஆயிற ஆராவது இருந்தா, படத்தை முதல் அவையிட்டக் காட்டுங்கோ. பூச்சி அரிச்ச துளை, காம்பில ஏறியிருக்கிற மாப்பூச்சி, நேற்றைய பூ, எல்லாம் அவையின்ர கண்ணுக்கு உடனை படும்.

2023 நவம்பர் 23

படத்தை வட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்பிப்போட்டு 'கூரா இருக்கோ' எண்டு கேக்காதேங்கோ. சுருக்கித்தான் அனுப்பும். மெல்லிய மயிரும் நரம்பும்தான் முதல் போறது. ஆவணமா அனுப்புங்கோ. கருத்துச் சொல்லுறவையும் 'கூர் இல்லை' எண்டு எழுத முதல், தாங்கள் பாக்கிறது எந்தக் கோப்பு எண்டு கேளுங்கோ.

2023 டிசெம்பர் 3

வட்டுக்கோட்டைப் பக்கம் எடுத்த நித்தியகல்யாணிப் படத்தைப் பற்றி ரெண்டு நாளா வாக்குவாதம் நடக்குது. முன்னால அஞ்சாறு ஊதாப் பூ. பின்னால பனையோலை வேலி. வேலியில ஆள் நுழையிற ஒரு பொட்டு, அதுக்குள்ளால அடுத்த வளவுக் கிணத்தடி கொஞ்சமாத் தெரியுது. இஞ்ச இருக்கிறவை எல்லாரும் 'பின்னணி குழப்பம், எஃப் எண்ணைக் குறைச்சு மங்கலாக்குங்கோ' எண்டினம். (எஃப் எண் லென்ஸின்ர துவாரத்தைக் குறிக்கிறது; எண் குறைஞ்சா துவாரம் பெரிசு, பின்னணி மங்கும்.) ரொறன்ரோவில இருந்து ஒருத்தர் 'எங்கட வேலி, கண் கலங்கிப்போச்சு' எண்டு மட்டும் எழுதியிருக்கிறார். அது கருத்தே இல்லை, வெறும் ஊர் நினைப்பு எண்டு அவருக்கு ஒருத்தர் பதில் போட்டிருக்கிறார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கேல்லை. படம் தனக்கு என்ன செய்தது எண்டு அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எந்த இடம் அப்பிடிச் செய்தது எண்டு மட்டும்தான் சொல்லேல்லை. நான் கேட்டுப் பாத்தன். அவர் எழுதினார்: 'அந்தப் பொட்டுத்தான். நாங்கள் பெரியப்பா வீட்டுக்கு உப்பிடி ஒரு பொட்டுக்குள்ளாலதான் போய்வாறனாங்கள். பூவை நான் பிறகுதான் கண்டனான்.'

பாருங்கோ, குழப்பம் எண்டு சொன்னவையும் கண் கலங்கினவரும் ஒரே இடத்தைத்தான் காட்டியிருக்கினம். பொட்டு கண்ணை இழுக்குது. அதில ரெண்டு பேருக்கும் வேறுபாடு இல்லை. இது பூவின்ர படமெண்டா அந்த இழுவை இடைஞ்சல், எஃப் 2.8 இல வேலியைக் கரைக்கிறது சரி. இது அந்த வளவின்ர படமெண்டா பூதான் இடைஞ்சல். ரெண்டடி வலப்பக்கம் தள்ளி நிண்டு, பொட்டைப் பூ மறைக்காமல், எஃப் 8 அல்லது 11 இல எடுத்திருக்கவேணும். எடுத்தவர் எது வேணுமெண்டு சொல்லாமல் நாங்கள் எந்தப் பக்கம் அனுப்புறது? முதல்ல அவரைக் கேட்டிருக்கவேணும்.

பின்னணியைக் கரைக்கிறதே நல்ல பூப்படம் எண்ட எண்ணம் எங்களுக்கு எங்கயிருந்து ஒட்டினதோ தெரியாது. கரைச்சுப்போட்டா அந்த நித்தியகல்யாணி எந்த ஊர்ப் பூவாயும் இருக்கலாம்.

2023 டிசெம்பர் 4

'முதல்ல கேட்டிருக்கவேணும்' எண்டு நேற்று முடிச்சதை இரவு திரும்ப யோசிச்சன். இப்ப எனக்கு ஒழுங்கு மாறித் தெரியுது. 'வேலியைத்தான் காட்ட நினைச்சன்' எண்டு எடுத்தவர் முதலே சொன்னா, எங்கட கண் வேலியைத்தான் தேடும். பிறகு நாங்கள் சொல்லுறது அவரின்ர சொல்லைத் திருப்பிச் சொல்லுறதுதான். ஒண்டும் கேளாமல் பாக்கவேணும். கண் முதல்ல எங்க போனது, பிறகு எங்க, எங்க நிண்டது எண்டு எழுதவேணும். அதுக்குப் பிறகு 'நீங்கள் என்னத்தைக் காட்ட வெளிக்கிட்டனீங்கள்?' எண்டு கேக்கவேணும். ரெண்டும் ஒத்துவந்தா படம் வேலை செய்திருக்கு. வராட்டி அந்த இடைவெளியைப் பற்றிக் கதைக்கலாம்.

எடுக்கிறவையும் படத்துக்கு மேல கதை எழுதாதேங்கோ. எழுதினா அந்தக் கதைக்குத்தான் கருத்து வரும்.

2023 டிசெம்பர் 9

மூன்றிலொரு பங்கு விதியைப் பற்றிக் கேட்டவருக்கு. படத்தை நெடுக்கிலயும் குறுக்கிலயும் மூண்டு மூண்டாப் பிரிச்சு, முக்கியமானதை நடுவில வைக்காமல் அந்தக் கோடுகளில வைக்கச் சொல்லுற விதி அது. அந்தப் பெயரில அதை 1797 இல எழுதினவர் ஜோன் தோமஸ் ஸ்மித் எண்ட ஆங்கிலச் செதுக்கோவியர். அவர் எழுதினது நாட்டுப்புறக் காட்சி ஓவியங்களைப் பற்றி: வானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு எண்ட கணக்கு. ஒரு தாமரையை நேர மேல நிண்டு எடுக்கேக்க வானமும் இல்லை, நிலமும் இல்லை. சுத்திவர ஒரே மாதிரி விரிஞ்ச பூ நடுவில இருந்தாத்தான் அதின்ர ஒழுங்கு தெரியும். பக்கவாட்டில எடுத்த பூவுக்கு, அது பாக்கிற பக்கம் கொஞ்சம் இடம் விட்டா நல்லம். விதியின்ர பெயரைச் சொல்லாமல் 'பூ இடப்பக்கம் பாக்குது, அங்க இடமில்லாமல் முட்டுது' எண்டு எழுதுங்கோ. வாசிக்கிறவருக்கு உடனை விளங்கும்.

2023 டிசெம்பர் 17

குடுக்கிறதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறம். வாங்கிறது அதைவிடக் கரைச்சல்.

முந்தி ஒரு கண்காட்சியில நடுவரா வந்தவர் என்ர படத்துக்கு முன்னால நிண்டு, எல்லாருக்கும் கேக்க, 'இது கலண்டர் படம்' எண்டு சொல்லிப்போட்டு அடுத்த படத்துக்குப் போட்டார். எனக்குச் சரியான கோவம். கூட்டம் கலைஞ்சாப் பிறகு போய், 'எந்த இடத்தைப் பாத்து அப்பிடிச் சொன்னனீங்கள்?' எண்டு கேட்டன். சண்டைக்கு வந்திருக்கிறன் எண்டு நினைச்சாரோ தெரியாது, கொஞ்சம் தயங்கினார். பிறகு திரும்பி வந்து வடிவாப் பாத்தார். 'நிழலே இல்லை. எல்லா இதழிலயும் ஒரே வெளிச்சம். விடியவோ மத்தியானமோ எண்டு தெரியேல்லை' எண்டார். அது எனக்குக் காணும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு பூவிலயும் நிழல் எந்த இதழில விழுது எண்டு பாத்துத்தான் நான் கமராவைத் தூக்கிறன். அந்த ரெண்டு வசனத்தையும் அவர் முதலே சொல்லியிருக்கலாம் எண்ட மனத்தாங்கல் இண்டைக்கும் இருக்கு.

கடுமையான ஆனா தெளிவில்லாத கருத்து வந்தா 'எந்த இடம்?' எண்டு மட்டும் கேளுங்கோ. சொல்லத் தெரிஞ்சவர் சொல்லுவார். சொல்லத் தெரியாதவர் அதோட நிப்பாட்டுவார்.

இன்னொண்டு. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினா, அந்த இடத்தில ஏதோ இருக்கு. அவை சொல்லுற மருந்து பிழையா இருக்கலாம். செவ்வரத்தைக்கு 'ஃபோகஸ்' எண்டினம், உண்மையில வெளிச்சம். இடத்தைக் கண்டுபிடிக்கிறதில பாக்கிறவர் அநேகமாச் சரி. ஏன், எப்பிடி எண்டதை எடுத்தவர்தான் கண்டுபிடிக்கவேணும், ஏனெண்டா பூவுக்கு முன்னால நிண்டது அவர்தான்.

2023 டிசெம்பர் 18

படத்துக்கு மேல கதை எழுதாதேங்கோ எண்டு நான் எழுதினதுக்கு, 'சோளகத்தில (தென்மேல் காத்தில) ஒரு பூவும் அசையாமல் நிக்காது, அதைச் சொல்லாமல் என்னெண்டு இருக்கிறது?' எண்டு ஒரு தம்பி கேக்கிறார். சொல்லலாம், ஆனா கருத்தைக் கேட்டு முடிச்சாப் பிறகு. காத்து படத்துக்குள்ள இல்லை, மங்கல்தான் இருக்கு. சோளகக் காலத்தில வெயில் ஏற முதல் போங்கோ. ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனோ அதைவிட விரைவாவோ வையுங்கோ. இல்லாட்டி 1/15 க்கு இறக்கி, பூ ஆடுறதையே எடுங்கோ. அரைகுறை ஆட்டம்தான் பிழை மாதிரித் தெரியிறது.

2024 ஜனவரி 7

குளங்களில தண்ணி நிண்டதால ஆம்பல் படங்கள் கனக்க வருது. ரெண்டு விசயம் திரும்பத் திரும்பப் படுது.

வெள்ளை ஆம்பல் சாம்பலா வந்திருக்கு. கமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற மீற்றர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பாக்கும். படத்தை வெள்ளைப் பூ நிறைச்சு நிண்டா, ஒரு ஸ்ரொப் (அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்கா) கூட்டுங்கோ. கறுத்தத் தண்ணிக்கு நடுவில சின்ன வெள்ளைப் பூவெண்டா நேர்மாறு, குறைக்கவேணும். 'வெளிச்சம் காணாது' எண்டு பொதுவா எழுதுறவை இதைப் பிரிச்சுச் சொன்னா நல்லம்.

மற்றது எனக்கு மனம் பொறுக்காதது. ஒரு படத்தில பூவைச் சுத்தி ஒரு இலைகூட இல்லை. பிய்ச்சு எறிஞ்சிருக்கு, காம்புகள் முறிஞ்சு மிதக்கிறது மூலையில தெரியுது. வெளிச்சத்தைப் பற்றி நாலு பேர் எழுதியிருக்கினம், இதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நான் எழுதினன், எடுத்தவர் கோவிச்சிட்டார். கோவிக்கட்டும். தண்ணி தெளிச்சுப் பனித்துளி செய்யிறது எனக்குப் பெரிய விசயமில்லை. இலையைப் பிய்ச்சா அடுத்தவருக்கு அந்தப் பூ அந்த இடத்தில இல்லை.

2024 ஜனவரி 21

'எஃப் எண்ணைக் கூட்டுங்கோ, முழுப் பூவும் கூரா வரும்' எண்டு லேசாச் சொல்லுறவைக்கு ஒரு கணக்கு. முழுச்சட்டகக் கமராவில (பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் அளவு சென்சர் உள்ளது) மக்ரோ லென்ஸால, அதாவது கிட்ட எடுக்கிற லென்ஸால, ஒண்டுக்கு ஒண்டு அளவில (பூவின்ர உருவம் சென்சரில அதே அளவில விழ) எடுத்தா, எஃப் 8 இல கூரா இருக்கிற ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். எஃப் 16 க்குப் போனா 2. ஆனா அந்தக் கிட்டத்தில எஃப் 16 எண்டது நடைமுறையில எஃப் 32 மாதிரி. சின்னத் துவாரத்தின்ர விளிம்பில ஒளி வளைஞ்சு பரவி முழுப் படமும் மெல்லிசா மங்கியிடும். அதால எது கூரா இருக்கவேணும் எண்டு தெரிவு செய்யத்தான் வேணும். 'சூல்முடியை விட்டிட்டு மகரந்தத்தைத் தெரிவு செய்திருக்கிறீங்கள், ஏன்?' எண்டு கேக்கிறது நியாயமான கேள்வி. 'ஏன் முழுக்கக் கூரா இல்லை' எண்டு கேக்கிறதெண்டா, அதுக்கு ஃபோகஸை மாத்தி மாத்தி எடுத்த கனக்கப் படத்தை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கவேணும் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.

போன்காரருக்கு இது வேற மாதிரி. போர்ட்ரெயிட் முறையில எடுத்தா மென்பொருள்தான் பின்னணியைக் கரைக்குது, அது மெல்லிய மகரந்தத் தண்டையும் சேத்து விழுங்கியிடும். கார்த்திகைப்பூவில ஆறு தண்டுக்கு நாலுதான் மிஞ்சியிருக்கிற படங்கள் கண்டிருக்கிறன்.

2024 பெப்ரவரி 10

படத்துக்குக் கருத்துச் சொல்ல முதல் அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கோ. நிறம்தான் எங்களைப் பிடிச்சு வைச்சிருந்ததோ, உருவமும் சேந்ததோ எண்டு தெரிஞ்சிடும். கார்ல் புளொஸ்ஃபெல்ட் எண்ட ஜேர்மன்காரர் (1865–1932) வெறும் பின்னணியில, நிறமில்லாமல், செடிகளை 30 மடங்கு வரைக்கும் பெருப்பிச்சுக் காட்டினவர். பெர்லினில மாணவருக்கு வடிவமைப்புப் படிப்பிக்கிறதுக்கு அந்தப் படங்களைப் பயன்படுத்தினவர். நிறத்தை எடுத்துப்போட்டாலும் பூவில எவ்வளவு மிஞ்சும் எண்டு அதில காணலாம். செவ்வரத்தைப் படத்தை மாத்திப் பாத்தன். தண்டு நிக்குது, இதழ் வெறும் சாம்பல் தட்டா வருது.

2024 ஏப்ரல் 16

புதுவருசத்துக்கு ஊருக்கு வந்த ஒரு தங்கச்சி நந்தியாவட்டைப் படம் அனுப்பி, ஏன் இப்பிடி வந்தது எண்டு கேட்டிருக்கிறா. மேல் இதழ் வெந்த வெள்ளை, கீழ எல்லாம் கறுப்பு. கண் அந்த ரெண்டுக்கும் நடுவில எங்க நிக்கிறதெண்டு தெரியாமல் வெளிய போகுது.

தங்கச்சி, நீங்கள் எடுத்த நேரம் மத்தியானம். யாழ்ப்பாணத்தில ஏப்ரல் நடுப்பகுதியிலயும் ஓகஸ்ட் கடைசியிலயும் சூரியன் நேர உச்சிக்கு மேல நிக்கும், இப்ப பன்னிரண்டு பத்துக்குக் கிட்ட. நிழல் பூவுக்கு நேர கீழ விழும். பூவுக்குக் கீழ ஒரு ஏ4 தாளைப் பிடிச்சா வெளிச்சம் தெறிச்சுக் கறுப்பு இளகும். மேல குடையை விரிச்சா வெள்ளை அடங்கும். ரெண்டும் வேண்டாமெண்டா மேல நிண்டு, பூவின்ர நிழல் கீழ் இலையில அச்சா விழுறதை எடுக்கலாம். அந்த நேரத்தில மட்டும் கிடைக்கிறது அது.

ரிக்கெட் இன்னும் நாலு நாளிருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஒரே செடியில காலமை ஏழு மணிக்கு ஒண்டு, மத்தியானம் ஒண்டு எடுத்து ரெண்டையும் போடுங்கோ. எது எந்த நேரம் எண்டு எழுதாதேங்கோ.